அம்மாவைச் சூட்டுப் பெட்டிக்குள் உட்கார வைக்கலாமா?

பவானி ஆற்றுப் பாசனத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பயோடெக்னாலஜி படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறார். மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை செய்யும் குடும்பம். அம்மாவுக்கு 53 வயது. இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் மார்பகப் புற்று என்று வந்திருக்கிறது. செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். ஹார்மோன் ஏற்பிகள் நெகட்டிவ். ஸ்கேனில் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. டோசிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள், ஹெர்-2-ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப், மூன்றும் சேர்த்து 21 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு சுற்று, அதன்பின் அறுவை சிகிச்சை என்று திட்டம். மூன்று சுற்று முடிந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மறுநாள் வெள்ளணுவை ஏற்றும் ஊசி போடுகிறார்கள்.

மூன்றாம் சுற்று முடிந்த பத்தாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 186 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. முதல் ரிப்போர்ட்டில் அது 88. இவர் பாஸ்பட்டேஸ், புற்றுநோய் என்று இணையத்தில் தேடப்போய், செல்லுக்குள் சமிக்ஞைகள் கெடுவது, பாஸ்பட்டேஸ்கள் பழுதாவது, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் புற்றுக்குத் துணைபோவது என்று இரவெல்லாம் படித்திருக்கிறார். நோய் பரவிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார்.

இதற்கு நடுவில் மாமா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்திருக்கிறார். 14 நாள், தினம் 40 நிமிடம் சூட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் 'உடம்பில் உறங்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் விழித்துப் புற்று செல்களை எரித்துவிடும்' என்கிறது அது. கட்டணம் 65,000 ரூபாய். அதுவரை கீமோவை நிறுத்தி வைக்க வேண்டுமாம். அத்தை நேர் எதிர். சூடு பட்டால் அந்தப் புரதம் ஏறிக் கட்டி வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மாவை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை, வெந்நீரும் தருவதில்லை. பெரியப்பா மகன் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறார். அம்மாவுக்கோ இன்னும் நோயின் பெயரே தெரியாது. 'கட்டி கரையறதுக்கு ஊசி' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கடிதம் இப்படி முடிகிறது: "புற்று செல்லுல வெப்ப அதிர்ச்சிப் புரதம்தான் பிரச்சினைன்னா அதை அடக்கற மருந்தை எங்க டாக்டர் ஏன் தரலை? நாலாவது ஊசிக்கு அடுத்த வாரம் போகணும். போகட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?"

அம்மிணி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாவது ஊசிக்குக் குறித்த நாளில் போங்கள். சூட்டுப் பெட்டி வேண்டாம். கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். அம்மா வெந்நீரில் குளிக்கலாம், அடுப்படிக்கும் போகலாம். 186 என்ற எண்ணை வைத்து நோய் பரவிவிட்டது என்று சொல்ல முடியாது. நீங்கள் படித்தவர் என்பதால் 'டாக்டர் சொன்னார்' என்பதோடு விடாமல் காரணத்தையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

பாஸ்பட்டேஸ் என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை, ஒரு தொழிலின் பெயர். ஒரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றி எடுக்கிற எந்த நொதிக்கும் அந்தப் பெயர்தான். உங்கள் தோட்டத்தில் மஞ்சளுக்குப் பாஸ்போபாக்டீரியா போட்டிருப்பீர்கள். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைப் பயிருக்கு விடுவித்துத் தருகிற நுண்ணுயிர்களிடமும் பாஸ்பட்டேஸ் உண்டு. அதற்கும் அம்மாவின் கட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ரத்த ரிப்போர்ட்டில் வரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் அப்படித்தான். பெரும்பாலும் கல்லீரலின் பித்தக் குழாய்ப் பகுதியிலிருந்தும் எலும்பிலிருந்தும் ரத்தத்துக்குள் கசிந்து வருவது அது. நீங்கள் இரவெல்லாம் படித்த பாஸ்பட்டேஸ்கள் செல்லுக்குள் சமிக்ஞைகளை நிறுத்துகிற வேறு கூட்டம். அவற்றை எந்த லேபிலும் இப்படி ரத்தத்தில் அளப்பதில்லை.

அப்படியானால் 88 ஏன் 186 ஆனது? எலும்புக்கோ கல்லீரலுக்கோ நோய் போனால் இந்த எண் ஏறும் என்பது உண்மைதான், உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் ரத்தம் எடுத்த நாளைப் பாருங்கள். வெள்ளணு ஊசி போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஊசி எலும்பு மஜ்ஜையை உசுப்பிவிட்டு வேலை வாங்கும்போது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறுவது நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது. டோசிடாக்சலும் கல்லீரல் எண்களைச் சற்று அசைக்கும். நாலாம் சுற்றுக்கு முன் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள். அப்போது ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஜி.ஜி.டி. சரியாக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால் அது எலும்பிலிருந்து வருகிறது, ஊசியின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஏறியிருந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருந்தாலோ ஸ்கேன் எடுக்கலாம். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்கு இடுப்பும் தொடையும் வலிப்பது வேறு, அது வந்து போய்விடும்.

பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்

நீங்கள் படித்தது தப்பில்லை. படித்ததை எங்கே கொண்டுபோய்ப் பொருத்தினீர்கள் என்பதில்தான் சிக்கல்.

தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்குமே. பச்சையை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். செல்லுக்குள் கைனேஸ் என்கிற நொதிகள் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். பெரும்பாலும் அது பச்சைப் பொத்தான். பாஸ்பட்டேஸ்கள் அதைக் கழற்றும். பெரும்பாலும் சிவப்பு. இந்த ஒட்டுதல், கழற்றுதலை 1950-களில் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் கைனேஸ் வகைகள் மட்டும் 500-க்கும் மேல்.

அம்மாவின் கட்டியில் ஹெர்-2 என்ற பச்சைப் பொத்தான் அளவுக்கு மீறி முளைத்திருக்கிறது. மூன்று பிளஸ் ஸ்லைடை நுண்ணோக்கியில் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் விளிம்பையும் சுற்றி அடர்ந்த பழுப்பு நிறத்தில் கோடு இழுத்தாற்போல், கோழிப்பண்ணைக் கம்பி வலையை விரித்து வைத்த மாதிரி இருக்கும். அந்தப் பொத்தான்கள் ஓயாமல் அமுங்கி, உள்ளே ஏ.கே.டி. போன்ற கைனேஸ்களைக் கிளப்பி, 'பெருகு, சாகாதே' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ட்ராஸ்டுசுமாப் அந்தப் பொத்தானின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பாதைக்குச் சிவப்புப் பொத்தான் பீடென் என்ற பாஸ்பட்டேஸ். 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது, நம் பத்தாவது குரோமோசோமில் அதன் மரபணு இருக்கிறது. பீடென் முக்கியமாகப் பாஸ்பேட்டைக் கழற்றுவது புரதத்திலிருந்து அல்ல, செல் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து. அதைக் கழற்றினால் ஏ.கே.டி.க்கு வந்து உட்கார இடம் கிடைக்காது. பல புற்றுநோய்களில் இந்தப் பொத்தான் உடைந்துகிடக்கிறது. இன்னொன்று பி.பி.2ஏ. ஏ.கே.டி.யின் மேல் ஒட்டிய பாஸ்பேட்டை நேரடியாகவே கழற்றுவது.

இதையெல்லாம் படித்தால் பாஸ்பட்டேஸ் என்றாலே நல்லவன் என்று தோன்றும். அதுவும் சரியில்லை. எஸ்.ஹெச்.பி. 2 என்றொரு பாஸ்பட்டேஸ் வளர்ச்சிச் சமிக்ஞையை ஓடவிடுவதற்கே உதவுகிறது. அதன் மரபணுவில் சில மாற்றங்கள் வந்தால் குழந்தைகளுக்கு ஒருவகை ரத்தப் புற்று வரும். வயரிங் எப்படிப் போகிறது என்று தெரியாமல் பொத்தானின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

பந்தி பரிமாறுகிறவர்

வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் கதை ஒரு தற்செயலில் தொடங்கியது. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்குபேட்டரின் வெப்பத்தை யாரோ ஏற்றிவிட்டார்கள். குரோமோசோமில் அதுவரை இல்லாத இடங்களில் உப்பலாகப் புடைத்திருந்தது. சூடு பட்டதும் சில மரபணுக்கள் அவசர அவசரமாக விழித்துக்கொள்கின்றன என்று 1962-ல் அவர் எழுதினார். அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் இன்னவை என்று 1974-ல்தான் தெரியவந்தது. சூட்டில் தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் சூடே இல்லாதபோதும் எல்லா செல்லிலும் அவை இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹீட் ஷாக் புரோட்டீன், சுருக்கமாக ஹெச்.எஸ்.பி. அதன் பின்னால் வரும் 90, 70, 27 என்ற எண்கள் அவற்றின் எடையைக் குறிப்பவை, டிகிரியை அல்ல.

அவற்றின் வேலை மற்ற புரதங்களைச் சரியாக மடிக்க உதவுவது, மடிப்பு கலைந்தால் தூக்கி நிறுத்துவது. பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா, அழையாமல் நுழைந்தவரா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். இவையும் அப்படித்தான். ஹெர்-2 புரதம் ஹெச்.எஸ்.பி. 90-ஐ மிகவும் சார்ந்தே நிற்கிறது. அந்தத் துணையை எடுத்துவிட்டால் ஹெர்-2 நிலைகுலைந்து, செல்லின் குப்பைக்குப் போய்விடும்.

நீங்கள் தேடிப் படித்த பாஸ்பட்டேஸும் வெப்ப அதிர்ச்சிப் புரதமும் சந்திக்கிற இடம் இங்கேதான் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஏ.கே.டி.யை ஹெச்.எஸ்.பி. 90 அணைத்துக்கொண்டிருக்கும்வரை பி.பி.2ஏ-வால் கிட்டே வந்து பாஸ்பேட்டைக் கழற்ற முடிவதில்லை. அணைப்பை விலக்கினால் கழற்றிவிடுகிறது. இதை 2000-ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது சிவப்புப் பொத்தான் நன்றாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஒருவர் கையை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறார். அதே ஹெச்.எஸ்.பி. 90-இன் வாலைப் பிடித்துக்கொண்டு பி.பி.5 என்ற இன்னொரு பாஸ்பட்டேஸும் தொங்குகிறது. கைனேஸ்களை ஹெச்.எஸ்.பி. 90-இடம் கூட்டிவரும் மேஸ்திரி ஒருவர் உண்டு, சி.டி.சி. 37 என்று பெயர். அந்த மேஸ்திரியின் மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்தால்தான் வேலை நடக்கும். பி.பி.5 அதைக் கழற்றி அந்தச் சுற்றை நகர்த்திவிடுகிறது. ஆக, வெப்ப அதிர்ச்சிப் புரதம் பாஸ்பட்டேஸை மறைக்கிறது, பாஸ்பட்டேஸ் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் வேலையைத் திருத்துகிறது. இதில் ஒன்றை ஏற்ற வேண்டும், ஒன்றை இறக்க வேண்டும் என்று நோட்டீஸ் அடிக்கிற அளவுக்கு விஷயம் லேசானது இல்லை.

"அதை அடக்கற மருந்தை ஏன் தரலை?"

நியாயமான கேள்வி. உங்கள் டாக்டர் மறைக்கவில்லை. அப்படி ஒரு மருந்து மார்பகப் புற்றுக்கு இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. டேனெஸ்பிமைசின் என்ற ஹெச்.எஸ்.பி. 90 தடுப்பானை ட்ராஸ்டுசுமாபோடு சேர்த்து, ஏற்கெனவே ட்ராஸ்டுசுமாப் கைவிட்ட ஹெர்-2 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. சுமார் 22 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. நம்பிக்கை தந்த முடிவுதான், ஆனாலும் அந்த மருந்து அதற்கு மேல் நகரவில்லை. நுரையீரல் புற்றில் கானெடெஸ்பிப் என்ற மருந்தின் பெரிய ஆய்வு 2015-ல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. 2022-ல் ஜப்பானில் பிமிடெஸ்பிப் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவும் இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற அரிய கட்டிக்கு, மற்ற மருந்துகள் பலிக்காமல் போன பிறகு.

ஏன் இவ்வளவு சிரமம்? ஹெச்.எஸ்.பி. 90-ஐ அடக்கியதும் செல் 'ஆபத்து' என்று எடுத்துக்கொண்டு ஹெச்.எஸ்.பி. 70-ஐயும் 27-ஐயும் கூட்டிவிடுகிறது. ஒரு வாசலை அடைத்தால் இரண்டு வாசல் திறக்கிறது. நல்ல செல்லுக்கும் அதே புரதம் தேவை என்பதால் கல்லீரல், வயிறு, சில மருந்துகளில் கண் பார்வைகூடப் பாதிக்கப்பட்டது. மாறாக, ட்ராஸ்டுசுமாப் 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகும் வடிவம் வந்து விலையும் இறங்கியிருக்கிறது. அம்மாவின் கட்டியில் எந்தப் பொத்தான் கோளாறோ, அதற்கென்றே உள்ள மருந்து. கையில் இருப்பதை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத் தட்டில் இருப்பதைத் தேடிப் போக வேண்டாம்.

சூட்டுப் பெட்டி

வெப்பத்தைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்துவதே பொய் என்று சொல்ல மாட்டேன். ஹைபர்தெர்மியா என்று முறையான சிகிச்சை உண்டு. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் ஏறக்குறைய 40 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குள், வெப்பமானியால் அளந்துகொண்டே, ஒரு மணி நேரம் போல் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கதிர்வீச்சோடு சேர்த்து. மார்புச் சுவரில் திரும்பி வந்த கட்டிகளுக்கு அதனால் பலன் கிடைத்திருக்கிறது. அதற்கான கருவியும் ஆளும் உள்ள இடங்கள் குறைவு. அம்மாவின் இப்போதைய கட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

நோட்டீஸில் உள்ளது அதுவல்ல. அதன் தர்க்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பார்த்தாலும் அது தன் காலைத் தானே வாருகிறது. கவனியுங்கள். சூடு ஏறும்போது செல்லில் நிலைகுலையும் புரதங்களில் சில பாஸ்பட்டேஸ்களும் சேர்த்தி. அவை முடங்கியதும் ஜே.என்.கே. என்ற கைனேஸை நிறுத்த ஆளில்லாமல் அது ஓடுகிறது. அது ஓடினால் செல் சாவை நோக்கிப் போகும். இதுவரை மாமா சொல்வதுபோல் இருக்கிறதா? இப்போது அந்த வெப்ப அதிர்ச்சிப் புரதம் விழிக்கிறது. விழித்து என்ன செய்கிறது? ஹெச்.எஸ்.பி. 70 அந்தப் பாஸ்பட்டேஸைத் தாங்கிப் பிடித்து, ஜே.என்.கே.யை நிறுத்தி, செல்லைச் சாகாமல் காப்பாற்றுகிறது. அந்தப் புரதம் செல்லை எரிக்கவில்லை. எரியாமல் காக்கிறது, புற்று செல்லையும் சேர்த்துத்தான். ஒருமுறை சூடு தாங்கிப் பிழைத்த செல் அடுத்த இரண்டு மூன்று நாள் சூட்டுக்கு அசராது. அதனால்தான் முறையான ஹைபர்தெர்மியாவை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான் கொடுக்கிறார்கள். தினமும் 14 நாள் என்று நோட்டீஸ் அடித்தவருக்குத் தான் எழுதிய புரதத்தைப் பற்றியே தெரியவில்லை.

மார்புக்குள் இருக்கும் கட்டியைச் சீராக 42 டிகிரிக்கு ஏற்றி நிறுத்த அந்தப் பெட்டியால் முடியாது என்பது தனி. வியர்வை போகும், உப்பும் நீரும் போகும், ரத்த அழுத்தம் இறங்கும். கார்போபிளாட்டின் ஏறிய உடம்பில் நீர் வற்றக் கூடாது.

கீமோவை நிறுத்துவதுதான் இதிலெல்லாம் பெரிய நஷ்டம். 65,000 போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். 21 நாள் கணக்கு விட்டுப்போனால், பாதி அடிபட்ட கட்டிக்கு எழுந்துகொள்ள அவகாசம் கொடுத்ததாகும்.

அத்தைக்கும் ஒரு பதில்

அத்தை சொல்வதிலும் ஒரு நூல் உண்மை இருக்கிறது, பல புற்று செல்களில் இந்தப் புரதங்கள் கூடுதலாக இருப்பது நிஜம். ஆனால் அது வெயிலாலோ வெந்நீராலோ வந்தது அல்ல. கண்டபடி மடிந்த புரதங்களைச் சுமந்துகொண்டு செல் உள்ளுக்குள்ளேயே திணறுவதால் வந்தது. வெளியே பங்குனி வெயில் அடித்தாலும் உடம்பு தன் உள்வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொள்கிறது. இளஞ்சூட்டு வெந்நீர்க் குளியல் கட்டிக்கு ஒன்றும் செய்யாது. மூன்று சுற்று கீமோ வாங்கிய உடம்பைப் பச்சைத் தண்ணீரில் நடுங்கவிடுவது பாவம்.

அடுப்படியில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. டோசிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போகலாம். அப்போது சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். துணி பிடித்து இறக்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கைக்குக் கடும் சூடு ஆகாது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சூட்டுக்குப் பயப்பட வேண்டும்

நம் பக்கத்தில் 'சூடு' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நீர்க்கடுப்பும் சூடு, வாய்ப்புண்ணும் சூடு, காய்ச்சலும் சூடு. சில ஆண்டுகளுக்கு முன் விசைத்தறி ஓட்டும் ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கூட்டிவந்தார். கீமோ முடிந்து பதினோராம் நாள். எங்கோ போய் ஆவி பிடித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாளாக உடம்பு கொதித்திருக்கிறது. "வைத்தியத்துச் சூடுங்க, வெளியே வருதுன்னு சொன்னாங்க" என்றார். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள். வெப்பம் 103, வெள்ளணு மொத்தமே 300. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தார். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

டோசிடாக்சல் போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். வெள்ளணு ஊசி அந்தக் குழியின் ஆழத்தைக் குறைக்கும், தூர்த்துவிடாது. அந்த நாட்களில் வருகிற காய்ச்சல் மட்டும்தான் அம்மாவைப் பொறுத்தவரை பயப்பட வேண்டிய சூடு. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், அது நள்ளிரவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். போனதும் 'கீமோ பேஷன்ட், காய்ச்சல்' என்று சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சூட்டுப் பெட்டியின் ஆபத்துகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான். பெட்டியிலிருந்து எழுந்து வருகிறவர் உடம்பு சுட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கேப்ஸ்யூல்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களிடம் மஞ்சளைக் குறை சொன்னால் என்னை உள்ளே விட மாட்டார்கள். குழம்பில் போடும் மஞ்சள் போட்டபடியே இருக்கட்டும். கேப்ஸ்யூல் கதை வேறு. குர்குமின் குடலில் சரியாக ஏறாது என்பதால் அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லீரல் ஒரு பொருளை உடைத்து வெளியேற்றும் வேலையை பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. டோசிடாக்சலை உடைத்து வெளியேற்றுவதும் கல்லீரல்தான். அங்கே கைவைத்தால் மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும் என்று கணக்கே போட முடியாது. பைப்பரின் கலந்த குர்குமினால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏன் ஏறியது என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு சந்தேகத்தை வீட்டுக்குள் விட வேண்டாம். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டார். திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள் பக்கம் உள்ள உரிமைகள்

மாமாவோடு சண்டை போட வேண்டாம், அக்காவின் மேல் உள்ள பாசத்தில்தான் அலைகிறார். நோட்டீஸ் கொடுத்தவரிடம் இரண்டே கேள்வி கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இது ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் இதன் எண் என்ன? 2019-ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளின்படி புதுமருந்து ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து ஒப்புதல் வேண்டும், பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு. ஆய்வுக்கு வருகிறவரிடம் 65,000 கேட்பது வழக்கமே இல்லை. ஆராய்ச்சி இல்லை, சிகிச்சைதான் என்றால் அடுத்த கேள்வி: புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறதே, இந்த நோட்டீஸ் எப்படி?

உங்கள் டாக்டர் மேலேயே நம்பிக்கை ஆடினால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். அதற்கு எல்லா ரிப்போர்ட் நகலையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கருத்துக் கேட்கிற நாளில் கீமோ நிற்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ட்ராஸ்டுசுமாப் ஓராண்டு கணக்கு முடியும்வரை தொடரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். செலவை இப்போதே கணக்குப் போடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்துக்கு எவ்வளவு என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை ஒப்புதலில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தலைமுடி கொட்டி, மூன்று முறை படுக்கையில் கிடந்து எழுந்தவருக்கு இது வெறும் கட்டி இல்லை என்று தெரியாமல் இருக்காது. உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சல் வந்தால் முதலில் உணரப்போகிறவரும் அவர்தான். ஏன் 100.4-க்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாதவர், 'புள்ளைய எதுக்கு ராத்திரில எழுப்பறது' என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நாலாவது ஊசி அன்று டாக்டரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மஞ்சள் வேகவைக்கும் களத்துக்கு அம்மா வரலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். வரட்டும். கொப்பரையை விட்டுத் தள்ளி, புகை அடிக்காத பக்கமாக ஒரு கட்டிலைப் போட்டு உட்கார வையுங்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை மட்டும் வேண்டாம். மஞ்சள் மெருகு போடுகிற நாளிலும் வேண்டாம், அந்தத் தூசி ஆகாது.